முதல் மிருதங்கம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளையை மிருதங்கம் பழக அனுப்பும் பெற்றோர் முதலிற் கேட்பது, “இலத்திரனியல் தாளத்தட்டு ஒன்று போதாதா?” என்பதே. இரவில் அயலவரை எழுப்பாமற் சொற்கட்டு எண்ணிப் பழக அது உதவும். மேசையிலே தட்டியும் எண்ணலாம் என்பது வேறு கதை. ஆனால் றப்பர்த் தட்டில் விரல் எப்படி விழுந்தாலும் ஓசை ஒன்றே. வலந்தலையிலோ மோதிரவிரல் இடந்தவறித் தொட்டால் ‘நம்’ கெடும். பிள்ளையின் காது அதை அக்கணமே அறியும். தொப்பியில் றவை அப்பி எழுப்பும் கும்காரமும் தட்டிற் கைவராது.

வாங்கும்போது தோலின் பளபளப்பில் மயங்காதீர்கள். தோல் தேயும், மாற்றலாம். கட்டை வெடித்தால் வாத்தியமே போயிற்று. வெடிப்பில்லாத பழைய பலாக்கட்டை கிடைத்தால் எடுத்துப் புதுத்தோல் பூட்டுவியுங்கள். 22 அங்குலக் கட்டை உயர்ந்த சுருதிக்கு; 24 அங்குலம் தாழ்ந்த சுருதிக்கு. சிறுவருக்குச் சிறியதே அடங்கும். ஆசிரியர் தட்டிப் பாராததற்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.

அதற்கும் வசதியற்ற பிள்ளைகள் நம்மிடையே உளர். மன்றம் இரண்டு மிருதங்கம் வாங்கி, முறைவைத்து அவர்கள் வீட்டுக்குக் கொடுத்துதவ வேண்டும். செயற்குழுவினர் இதனை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளும்படி கேட்டு அமர்கிறேன்.