பிளாஸ்திரிக்குப் பயப்படுங்கள், மார்ஃபினுக்கு அல்ல
(மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை; பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை பேரனுக்கு ஒட்டிப்போன விரல்களைப் பிரிக்க ஆபரேஷன் நடந்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவனுக்குப் பிறவியிலேயே 'எபிடெர்மோலைசிஸ் புல்லோசா'. லேசாக உரசினாலே கொப்புளம் கிளம்பி, தோல் உரிந்துவிடும். இது தொற்றாது. சில ஜாயின்ட் அக்கவுண்ட் செக்கில் இரண்டு கையெழுத்தும் வேண்டுமே, அதுபோல அவனுக்கு வந்த வகை, பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வரும். நம் கரிசல் பக்கம்போல சொந்தத்தில் கட்டும்போது அதற்கு வாய்ப்பு கூடுதல்.

மயக்க மருந்து டாக்டரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். ஒட்டும் பிளாஸ்திரி கூடாது. பிரஷர் பார்க்கும் பட்டைக்கு அடியில் பஞ்சு சுற்றுவார்கள். மாஸ்க் படும் இடத்தில் வாஸ்லின் தடவுவார்கள்.

வலிக்கு மார்ஃபின் என்றதும், "பிள்ளைக்குப் போதை மருந்தாண்ணே?" என்று தங்கை அழுதாள். எடைக்கேற்ற அளவில், மூச்சைக் கண்காணித்துத்தான் கொடுப்பார்கள். ஆனால் அதனால் அரிப்பு வரலாம். சொறிந்தால் புதுப் புண். அரித்தால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகள் தயங்கின. 2014 திருத்தம் அதை எளிதாக்கியது. இன்றும் பூட்டி வைத்து, ரிஜிஸ்தரில் எழுதித்தான் எடுக்கிறார்கள். சட்டம் இளகிவிட்டது; நம் பயத்தால் பிள்ளை வலியில் துடிக்க வேண்டாம்.

இப்படி ஒரு பிள்ளை லிஃப்டில் வந்தால் ஒதுங்காதீர்கள். இடிக்காமல் இடம் விட்டு, சிரித்துப் பேசுங்கள்.