காற்றை விலக்கிய கவசம்



நான் பௌதிகம் போதித்து வந்த காலத்தில் மாணவன் ஒருவன், "நெடுந்தூரம் விரைந்து செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு முதற்கண் வேண்டுவது யாது?" என்று வினவினான். "குதிரைச்சக்தி மிகுந்த இயந்திரம்" என்றேன், சற்றும் தயங்காமல். "அப்படியாயின் ஓட்டுபவன் மீது மோதும் காற்றை என்ன செய்வது, ஐயா?" என்றான். மணி அடித்துவிட்டது, கேள்வியை அத்துடன் விட்டுவிட்டேன். ஆடி மாதத்து மேல்காற்றை எதிர்த்து நாள்தோறும் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வந்தவனாகிய எனக்கு அதன் பொருள் புலப்படாமற் போயிற்று! அன்று சொல்லத் தவறிய விடையை இன்று கூறுகிறேன்.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1923ஆம் ஆண்டில் ஆர் 32 என்னும் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர்கள். பின் சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்கு மாறாக ஒரு தண்டு. சக்தி எட்டரைக் குதிரை. அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வடிப்படை மாறவில்லை. 1973இல் வந்த ஆர் 90 எஸ் 67 குதிரைச்சக்தி உடையது. 1976இல் வந்த ஆர் 100 ஆர்.எஸ். 70 உடையது. ஏற்றம் மூன்றே குதிரைகள்! ஆயினும் நெடும்பயணத்திற்கு அது புதியதொரு வண்டியாகவே அமைந்தது.

முன்னதற்கு விளக்கைச் சுற்றிச் சிறு கூடு மட்டுமே இருந்தது. பின்னதற்கோ, ஓட்டுபவனின் மார்பையும் கால்களையும் மறைக்கும் முழுக் கவசம். ஹான்ஸ் முத் என்பவர் வடிவமைத்த அக்கவசம், இத்தாலி நாட்டுப் பினின்ஃபரினாவின் காற்றுச் சோதனைக் கூடத்தில் திருத்தம் பெற்றது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் பொறுக்கத்தக்க காற்று, 160இல் மார்பைத் தள்ளும். கைப்பிடியை இறுகப் பற்றியே தோளும் மணிக்கட்டும் சோர்ந்துவிடும். இயந்திரம் களைப்பதற்கு முன்னரே மனிதன் களைத்து விடுகிறான். அக்களைப்பையே கவசம் தணித்தது.

1978இல், நிமிர்ந்து அமர விரும்புவோருக்கென உயர்ந்த கவசத்துடன் ஆர்.டி. வந்தது. 1983இல் கே 100 ஆர்.எஸ். நான்கு சிலிண்டர்களும் 90 குதிரைச்சக்தியும் பெற்றது. 1988இல் அவ்வரிசைக்கு, தடை போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு அமைப்புச் சேர்ந்தது. சக்கரம் சுழல்வது நின்றுவிடப் போகிறது என உணர்ந்ததும், அது தடையின் அழுத்தத்தைக் கணநேரம் தளர்த்தி மீண்டும் ஏற்றும். மழையில் நனைந்த சாலையில் இதன் அருமை விளங்கும். 2015இல் ஆர் 1200 ஆர்.எஸ். 125 குதிரைச்சக்தியை எட்டியது. அவ்வெண்கள் எனக்கு அத்துணை வியப்பளிப்பதில்லை. 1976ஆம் ஆண்டுக் கவசமே என் மனத்தில் முதலிடம் பெறுகிறது.

அம்மாணவன் எங்கிருக்கிறானோ, அறியேன். இவ்வுரையைக் கேட்க நேர்ந்தால், அன்று பிழை செய்தவர் ஆசிரியரே என்று அவன் தெரிந்துகொள்ளட்டும்.