உள்ளங்கால் கோடுகள்: பாலிமர் கிளேயில் குழந்தையின் கையும் காலும்

வார நாள்ல கோட் எழுதறேன், வாரக்கடைசியில கிளே பிசையறேன். பாலிமர் கிளேல நிஜக் குழந்தை மாதிரியே பொம்மை பண்றதைப் பத்திப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முகம் செய்யறதுக்கு வீடியோ கொட்டிக் கிடக்கு. அதனால இன்னைக்கு கையும் காலும் மட்டும்.

ஏன் கை கால்? இந்த மாதிரி பொம்மைக்கு உடம்பு பெரும்பாலும் துணிதான். உள்ள பஞ்சு, கனத்துக்குக் கொஞ்சம் கண்ணாடி மணி. தலை, ரெண்டு கை, ரெண்டு கால் மட்டும் கிளேல செஞ்சு துணியோட சேர்த்துக் கட்டுவாங்க. முகம் பாதி நேரம் தூங்கற முகம். அப்போ அந்தக் குழந்தை உயிரோட இருக்கற மாதிரி தெரியுதா இல்லையான்னு முடிவு பண்றது கையும் காலும்தான்.

மண்ணே இல்லாத களிமண்

முதல்ல பொருளைப் பத்தி. பேருலதான் கிளே, இதுல மண்ணே கிடையாது. பி.வி.சி. துகள், அதை இளக்கமா வெச்சிருக்கற பிளாஸ்டிசைசர், நிறம், அவ்வளவுதான். காத்துல காயாது. ஓவன்ல வெச்சாதான் இறுகும். பிராண்டைப் பொறுத்து 110-ல இருந்து 130 டிகிரி செல்சியஸ்.

இதுல ஃபீமோங்கற பிராண்ட் பொம்மைக் குடும்பத்துல பிறந்தது. ஜெர்மனியில கேத்தே க்ரூஸன்னு ஒரு அம்மா. 1905-ல மகள் பொம்மை கேட்டிருக்கா. சிற்பியான கணவர் மாக்ஸ் க்ரூஸ, கடை பொம்மையெல்லாம் வாங்க மாட்டேன், நீயே செஞ்சு குடுன்னுட்டார். அந்தம்மா ஒரு துண்டுல மணலைக் கட்டி, தலைக்கு ஒரு உருளைக்கிழங்கை வெச்சு பொம்மை செஞ்சாங்க. பின்னாடி அவங்க பேருல பெரிய பொம்மை கம்பெனியே வந்துச்சு. அவங்க மகள் சோஃபியை வீட்டுல ஃபிஃபின்னு கூப்பிடுவாங்க. அந்த ஃபிஃபி உருவாக்கின கலவைதான் ஃபீமோ. 1964-ல எபர்ஹார்ட் ஃபாபர் கம்பெனி அதை வாங்கிக்கிச்சு.

அளவு முதல்ல, அழகு அப்புறம்

நிறை மாசத்துல பிறக்கற குழந்தை ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அதுல தலை மட்டுமே நாலுல ஒரு பங்கு. பாதம் ஏழரை சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். கையைத் தலைக்கு மேல தூக்கினா உச்சந்தலையைத் தாண்டறதே கஷ்டம். நம்ம உடம்பைப் பார்த்துப் பழகின கண்ணு, கையைத் தானாவே நீளமாக்கிடும். அதனால அளவை பேப்பர்ல வரைஞ்சு பக்கத்துல வெச்சுட்டுதான் ஆரம்பிக்கணும்.

உள்ள முழுசும் கிளே வேண்டாம். கம்பி மேல அலுமினியம் ஃபாயிலை இறுக்கிச் சுத்தி எலும்பு மாதிரி ஒரு கரு பண்ணிக்கோங்க. நல்லா இறுக்கணும், ஏன்னா உள்ள காத்து மாட்டினா வேகும்போது வீங்கி விரிசல் விடும். அது மேல அரை சென்டிமீட்டர் தடிமனுக்குக் கிளே. கிளேயும் மிச்சம், எல்லா இடமும் ஒரே மாதிரி வேகும். தோள், தொடைப் பக்கம் முடியற இடத்துல சுத்தி ஒரு பள்ளம் விடுங்க. துணியைக் கட்டறதுக்கு அதுதான் பிடிமானம்.

கைக்கு முதல்ல ஒரு கையுறை வடிவம். கட்டை விரல் தனி, மத்த நாலும் சேர்ந்து. அப்புறம் பிளேடால நாலா பிரிச்சு, ஒவ்வொண்ணா உருட்டி, மடக்கணும். பிறந்த குழந்தை விரலை நீட்டி வெச்சுட்டு இருக்காது. பாதி மூடின கை, சில நேரம் கட்டை விரல் உள்ள மாட்டியிருக்கும். இன்னொரு விஷயம்: நம்ம கையில விரல் கணு மேடு. கொழுகொழு குழந்தைக்கு அதே இடம் குழி. மேடு வெச்சா குட்டி மனுஷன் கை ஆயிடும்.

மணிக்கட்டு மடிப்பைப் பார்த்தா புதுசா செய்யறவங்க வேலைன்னு உடனே தெரிஞ்சிடும். ரப்பர் பேண்ட் கட்டின மாதிரி சுத்தி ஒரே ஆழத்துல கோடு போட்டிருப்பாங்க. நிஜத்துல மடிப்பு ஒரு பக்கம் ஆழமா ஆரம்பிச்சு, இன்னொரு பக்கம் கரைஞ்சு போகும். அதே மாதிரி இடது கையை அப்படியே கண்ணாடியில காட்டின மாதிரி வலது கை செய்யாதீங்க. ஒண்ணு மூடியிருந்தா இன்னொண்ணு கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

ஜப்பானிய ரோபோ ஆராய்ச்சியாளர் மசாஹிரோ மோரி 1970-ல ஒரு கட்டுரை எழுதினார். நிஜத்துக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டு முழுசா வந்து சேராத உருவம் நம்மள மிரள வைக்கும்னு சொன்ன கட்டுரை. அதுல அவர் சொன்ன உதாரணங்கள்ல செயற்கைக் கையும் ஒண்ணு. பார்க்க நிஜக் கை, குலுக்கினா ஜில்லுனு இருக்கும். கிளேயும் ஜில்லுனுதான் இருக்கும். தோல் துவாரத்தை ஆயிரம் தடவை பிரஷ்ஷால குத்தினாலும் அது மாறாது. ஆனா விரல் எதையோ பிடிக்கப் போற மாதிரி மடங்கியிருந்தா கண்ணு நம்பும்.

ரெண்டு பாதம்

இப்போ சொல்லப் போறதை, சம்பந்தப்பட்டவங்க அனுமதியோட சொல்றேன். காலேஜ்ல என்கூடப் படிச்ச ஒரு தோழி. அவளுக்கு 31-ஆவது வாரத்துலயே குழந்தை பிறந்துச்சு. ஒன்பது நாள் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில மை தொட்டு எடுத்த பாதச் சுவடு அட்டை ஒண்ணு அவகிட்ட இருக்கு. அதை வெச்சு ரெண்டு பாதம் செஞ்சு தர முடியுமான்னு கேட்டா. முழு பொம்மை வேண்டாம், பாதம் மட்டும்.

அவ அம்மாவுக்கு இதுல இஷ்டமே இல்ல. "மறக்க விடுப்பா, இதையெல்லாம் செஞ்சு குடுத்து கிளறாத"ன்னு எனக்கே போன் பண்ணிச் சொன்னாங்க. அவங்க சொன்னதும் புரிஞ்சுது. ஆனா கேட்டது தோழி. அவகிட்ட ஒரு மாசம் கழிச்சு மறுபடி கேட்டேன். வேணும்னா. சரின்னு உட்கார்ந்தேன்.

சுவடு அட்டை நீளம், அகலம், விரல் இடைவெளி சொல்லும். உயரம் சொல்லாது, குதிகால் எவ்வளவு உருண்டைன்னு சொல்லாது. அதுக்குப் படிக்க ஆரம்பிச்சேன். பிறந்த குழந்தை எத்தனை வாரம் வளர்ந்ததுன்னு டாக்டர்கள் கணிக்க ஒரு முறை இருக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜீன் பல்லார்ட் பேருல பல்லார்ட் ஸ்கோர்னு சொல்வாங்க. இப்போ இருக்கற வடிவம் 1991-ல வந்தது. பன்னெண்டு அடையாளம் பார்ப்பாங்க. அதுல பாதிக்கு மேல கை காலைப் பார்த்துதான்: எவ்வளவு மடங்கியிருக்கு, நீட்டி விட்டா கை திரும்ப மடங்குதா, மணிக்கட்டு எவ்வளவு வளையுது, உள்ளங்கால்ல கோடு எவ்வளவு.

அந்த உள்ளங்கால் கோடுதான் என்னை நிறுத்துச்சு. நிறை மாசக் குழந்தைக்குப் பாதம் முழுக்க கோடு இருக்கும். 31, 32 வாரத்துல விரலுக்குக் கீழ குறுக்கா ஒரு கோடு இருக்கும், மத்த இடம் வழுவழுன்னு இருக்கும். தோலுக்கு அடியில கொழுப்பு சேரறதே கடைசி சில வாரத்துலதான். அதனால குழியும் இல்ல, மடிப்பும் இல்ல. கால் நகம் விரல் நுனியைத் தொடறதுக்கு ஏறக்குறைய 36 வாரம் ஆகும். தோல் மெலிசு, நரம்பு தெரியும்.

யோசிச்சுப் பாருங்க. அழகா இருக்கட்டும்னு நான் வழக்கமா போடற கோடு, மடிப்பு, குழி எல்லாம் போட்டிருந்தா என்ன ஆகும்? பாதம் அழகா வந்திருக்கும். ஆனா அது அவ குழந்தை பாதம் இல்ல, அந்தக் குழந்தை வாழாத ரெண்டு மாசத்தைச் சேர்த்து வெச்ச வேற யாரோ பாதம். நிஜம் மாதிரி செய்யறதுன்னா விவரத்தைக் கூட்டிக்கிட்டே போறதுன்னு நினைக்கறோம். எதைப் போடக் கூடாதுன்னு தெரியறதும் அதே அளவு முக்கியம்.

ஒளி ஊடுருவற டிரான்ஸ்லூசன்ட் கிளேல கொஞ்சம் தோல் நிறம் கலந்தேன். ஒரே ஒரு கோடு. நகம் நுனி வரைக்கும் வராம நிறுத்தினேன். வெந்த பிறகு மெலிசா நீலம் கலந்த ஊதா, அது மேல இளஞ்சிவப்பு. கையில வாங்கினவ கட்டை விரலால குதிகாலைத் தடவிப் பார்த்துட்டு, "ஆமா, இவ்ளோ சின்னதாதான் இருந்துச்சு"ன்னா. அவ அம்மா இன்னும் அதைப் பார்க்கலையாம். பார்க்கணும்னு அவசியமும் இல்ல.

ஓவன் பக்கம் சில குறிப்பு

ஓடிஜி டயலை நம்பாதீங்க, உள்ள தனியா ஒரு தெர்மாமீட்டர் வைங்க. சூடு குறைஞ்சா விரல் பட்டுனு உடையும். ரொம்ப ஏறிக் கருகினா ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அது மூச்சுக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்து வைங்க. முடிஞ்சா சமைக்கற ஓவன் வேண்டாம், இதுக்குத் தனியா ஒண்ணு வெச்சுக்கோங்க. விரல்கள் மேல ஃபாயிலைக் கூடாரம் மாதிரி போட்டா நிறம் மாறாது. நேரம் முடிஞ்சதும் வெளிய எடுக்காதீங்க, ஓவனுக்குள்ளயே ஆறட்டும்.

சென்னை வெயில்ல கிளே குழைஞ்சு போச்சுன்னா பத்து நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வைங்க. வெயில்ல நிக்கற கார்ல கிளே பாக்கெட்டை விட்டுட்டுப் போகாதீங்க, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இறுகிடும். கைரேகை விழுந்தா ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ல தொட்டு லேசா தடவுங்க. முடிஞ்ச பொம்மையைச் சின்னக் குழந்தைங்க கையில விளையாடக் குடுக்காதீங்க. விரல் உடைஞ்சா வாய்க்குள்ள போகும்.

புதுசா ஆரம்பிக்கறவங்க கையை விட்டுட்டுப் பாதத்துல ஆரம்பிங்க, விரல் குட்டை, சமாளிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வெச்சுக்கோங்க: இந்தக் குழந்தைக்கு எத்தனை வாரம்? மடக்கறது, கோடு, நகம், நிறம் எல்லாத்துக்கும் ஸ்பெக் அதுதான்.

நீங்க செஞ்சதை போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.