சுரங்கம் மூடிய ஊரில் ஒரு மன்றம்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஊர்ப் பொதுக்கூடம் ஒன்று எப்படி நலிகிறது, நலிந்தது எப்படி மீண்டும் எழுகிறது என்பதுபற்றிச் சிறிது பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பிரசங்கம் வேண்டாம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று. ஆகவே இன்று உங்களை வேல்ஸ் நாட்டின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளுக்கு அழைத்துச் செல்கிறோம்.

1920ஆம் ஆண்டில் தெற்கு வேல்ஸின் சுரங்கங்களில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை செய்தார்கள். ஊருக்கு ஊர் அவர்கள் கட்டியெழுப்பியவையே தொழிலாளர் மன்றங்கள். உள்ளே நூல் நிலையம், செய்தித்தாள் படிக்கும் அறை, பில்லியர்ட்ஸ் மேசை, நாடகமும் பின்னாளில் சினிமாவும் நடந்த பெரிய மண்டபம் ஆகியவை இருந்தன. இவை முதலாளிகளின் தர்மம் என்று எண்ணிவிடலாகாது. கூலியில் பவுனுக்கு ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று தொழிலாளரே வாரந்தோறும் கொடுத்த காசு அது. 240 பென்னி சேர்ந்தால் ஒரு பவுன் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 1920இல் வந்த சட்டம் சுரங்க முதலாளிகளையும் இதில் சேர்த்தது. வெட்டியெடுத்த ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் தொழிலாளர் நல நிதிக்கு அவர்கள் செலுத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பென்னி என்ன செய்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். டிரெடீகர் என்னும் ஊரில் பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் என்ற பையன், அவ்வூர் மன்றத்தின் நூல்களைப் படித்தே ஆளானார். 1948இல் பிரிட்டனில் எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சுகாதார அமைச்சர் அவர்தான்.

பிறகு காலம் மாறியது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. மன்றத்துச் சினிமா காலியாயிற்று. நூல்களைப் பல மன்றங்கள் விற்றுத் தள்ளின. மிஞ்சியவற்றைத் திரட்டி 1973இல் சுவான்சியில் ஒரு நூலகம் அமைத்தார்கள் என்பது சிறு ஆறுதல். 1984 மார்ச் முதல் ஓராண்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பல மன்றங்களில் பெண்கள் அடுப்பு மூட்டிப் பசித்த குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சுரங்கம் மூடினால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் அந்த வாரப் பென்னியும் இல்லை. மன்றம் மட்டும் தெருவில் நின்றது, மழையில் நனைந்துகொண்டு.

எபு பள்ளத்தாக்கில் உள்ள நியூபிரிட்ஜ் என்னும் ஊரின் கதையும் இதுவே. கெலினன் சுரங்கத் தொழிலாளர் 1908இல் அங்கே மன்றத்தைக் கட்டினார்கள். முதல் உலகப் போரில் மாண்ட ஊராரின் நினைவாக 1924இல் பக்கத்திலேயே ஒரு நினைவு மண்டபமும் எழுப்பினார்கள். கீழே நடன அரங்கு, மேலே நாடக அரங்கு. ஊரார் அதைச் செல்லமாக 'மெமோ' என்றே அழைக்கிறார்கள். பின்னாளில் கெலினன் சுரங்கங்கள் இரண்டும் மூடின. கூரை ஒழுகிற்று, சுவர் ஊறிற்று, இடித்துவிடலாம் என்று எண்ணத் தோன்றும் நிலைக்கு வந்தது.

இடிக்க விடவில்லை ஊரார். சிலர் குழுவாகச் சேர்ந்து கட்டிடத்தைப் பொறுப்பேற்றார்கள். 2004இல் பாழடைந்த கட்டிடங்களுக்கிடையே பி.பி.சி. தொலைக்காட்சி நடத்திய போட்டியில் வேல்ஸின் சார்பில் இறுதிச் சுற்று வரை சென்றார்கள். பரிசு பர்மிங்காமுக்குப் போயிற்று. நம்மில் பலர் அத்தோடு பாயைச் சுருட்டியிருப்போம். அவர்கள் விண்ணப்பம்மேல் விண்ணப்பம் எழுதினார்கள். லாட்டரி மரபுரிமை நிதி உள்ளிட்ட இடங்களிலிருந்து பணம் வந்து, வேலை முடிந்து, 2014இல் கதவு திறந்தது. பத்து ஆண்டுகள்! ஒரு குழுவைப் பத்து ஆண்டுகள் சண்டையின்றிக் கூட்டி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பங்குப் பேரவையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புவது வேறு. மானியம் கூரையைப் பழுதுபார்க்கும். செவ்வாய்க்கிழமை மாலையில் வந்து விளக்கேற்றி நாற்காலி போடும் ஆளை அது தராது. பழைய மன்றத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் காசு கொடுத்தான்; ஆகவே உள்ளே நுழைய அவனுக்கு உரிமை இருந்தது, நிர்வாகியைக் கேள்வி கேட்கவும் உரிமை இருந்தது. வெளியூர்ப் பணத்தால் மட்டும் எழும் கூடத்தில் ஊரார் விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். விருந்தாளி துடைப்பத்தைத் தொடமாட்டான்.

பக்கத்து ஊரான பிளாக்வுட்டைப் பாருங்கள். 1925இல் திறந்த சுரங்கத் தொழிலாளர் மன்றம் அங்கே உண்டு. பாழாகிக் கிடந்ததை உள்ளாட்சி மன்றம் எடுத்துச் சீர்செய்து, 1992இல் கலையரங்கமாகத் திறந்தது. இசையும் நாடகமுமாக நன்றாகவே நடந்தது. 2024இல் அதே உள்ளாட்சி மன்றம், கையில் பணமில்லை, மானியத்தை நிறுத்திக் கதவைப் பூட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னது. ஊரார் திரண்டு எதிர்த்தார்கள். கூரையைப் பற்றி அங்கே எந்தத் தகராறும் எழவில்லை. ஆண்டுதோறும் ஆகும் செலவை யார் தாங்குவது என்பதே பேச்சாயிருந்தது.