பாலாற்றங்கரையில் ஒரு ஞாயிறு



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்காக வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஷிப்ட், கம்பெனி பஸ், வாடகை வீடு என்றே வாரம் ஓடிவிடுகிறது. லீவு கிடைத்தால் பிள்ளைகளோடு சென்னைக்கு வண்டி ஏறுகிறார்கள். ஒருமுறை தெற்கே திரும்புங்கள் என்பேன். அங்கே பாலாறு இருக்கிறது.

வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுச் சாலையில் வந்தால் பழையசீவரம். எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். "தண்ணீர் எங்கேப்பா?" என்று பிள்ளை கேட்கும். மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணல்தான் தெரியும். தண்ணீர் அந்த மணலுக்கு அடியில் ஓடுகிறது. ஆற்றுக்குள் கிணறு இறக்கித்தான் இந்தப் பக்கத்து ஊர்கள் பலவும் குடிக்கின்றன. அதனால்தான் இங்கே மணலை அள்ளினால் குடிதண்ணீரும் சேர்ந்தே போகிறது.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் அவசரப்படாதீர்கள். வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே சுவரில் இருக்கிறது. ஓர் ஆதுலர் சாலையின், அதாவது மருத்துவமனையின், கணக்கு அதில் இருக்கிறது. நோயாளிகளுக்கு 15 கட்டில், வைத்தியர் ஒருவர், அறுவைச் சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடைக்குப் பெண்கள். கோயிலில் தங்கிப் படித்த மாணவர்கள் சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய்க்குக்கூட ஒதுக்கீடு உண்டு! பிள்ளைகளைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் வந்து, ஆற்றைக் கடந்து இங்கே எழுந்தருளுவார். அன்று கரையே திருவிழா.

நவம்பர் முதல் மார்ச் வரை போனால் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தையும் பார்த்துவிடலாம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். 1798இலேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்புத் தந்தார் என்றால், கேட்டு வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். பறவை மிரளும் என்று தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை.

பிறகு கடல். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்த பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. சற்று வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. உள்ளே அவர்களுடைய பழைய கல்லறைகள், எதிரே கடற்கரை. மாமல்லபுரத்துக் கூட்டம் இங்கே இருக்காது. கட்டுசோற்றைப் பிரித்து உட்கார நல்ல இடம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு. தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. கடலிலும் அலை இழுக்கும். பிள்ளைகள் காலை நனைத்தால் போதும், கையை விடாதீர்கள்.