ஆற்றுக்கு மரியாதை கொடுப்போம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உலகின் வலிமைமிக்க ஆறுகள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நைல், அமேசான் என்று பெயர்களை அடுக்கிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். அதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. விடுமுறை வந்தால் நம் பிள்ளைகளின் கால் தானாக ஆற்றுப் பக்கம் போகும். ஆகவே, ஆறு எப்படி ஆளை அடிக்கிறது என்பதைச் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன்.

முதலாவது, வண்டல். சீனாவின் மஞ்சள் ஆறு ஏராளமான மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. அந்த மண் அடியில் படியப் படிய ஆற்றின் தரை உயர்கிறது. மக்கள் கரையை உயர்த்துகிறார்கள். ஆறும் கூடவே உயர்கிறது. கடைசியில் ஆறு மேலே, ஊர் கீழே! 1887-இல் கரை உடைந்தபோது ஏறத்தாழ 9 லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் கோசி ஆற்றின் கதையும் இதேதான். 2008 ஆகஸ்டில் நேபாள எல்லையில் அதன் கரை உடைந்தது. ஆறு தன் பழைய தடத்தைத் தேடி ஓடியது. பீகாரில் லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள்.

"அது எங்கேயோ சீனாவுல, பீகாருல நடந்தது, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். சிலாங்கூரில் கோலகுபு என்று ஓர் ஊர். 1883-இல் அங்கே பழைய அணை ஒன்று உடைந்து ஊரே அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டும் உயிரிழந்தார். பிறகு ஊர் மறுபடி எழுந்தது. ஆனால், மேலே ஈயம் தோண்டிய மண் ஆற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறு மேடாகி, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. முடிவில் 1930 வாக்கில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். அதுதான் கோலகுபு பாரு. மனிதன் போட்ட மண், மனிதனையே ஊரைவிட்டுக் கிளப்பியது.

இரண்டாவது, திடீர்ப் பெருக்கு. இதை மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்கிறார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலை உச்சியில் மழை கொட்டும். சற்று நேரத்தில் கட்டையும் கல்லுமாகத் தண்ணீர் சுவர்போல் இறங்கும். 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் இப்படித்தான் உயிர்கள் போயின. லேடாங் மலை அருவிகளுக்குப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, செருப்பைக்கூடத் தேடாதீர்கள். உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள்.

ஆறு கீழிருந்தும் தாக்கும். சரவாக்கின் பாத்தாங் லூப்பாரில் கடல் பெருக்கு ஒற்றை அலையாக ஆற்றுக்குள் ஏறி வருகிறது. 1921-இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் அந்த அலையில் சிக்கி, மயிரிழையில் தப்பினார்.

மூன்றாவது, வேகம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. அதனால்தான் கணுக்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடித் தண்ணீர் காரையே தூக்கிக்கொண்டு போகும். "நம்ம அல்லூர்தானே, நேத்துகூடத் தாண்டினோமே" என்கிற பேச்சுதான் ஆபத்து. நேற்றைய அல்லூர் வேறு, மழை பெய்த இன்றைய அல்லூர் வேறு.

நம் மலாக்காவைப் பாருங்கள். வடக்கே லிங்கி ஆறு, அதில் முதலையும் உண்டு. தெற்கே ஜொகூர் எல்லையில் கேசாங் ஆறு. நடுவே, தம்பின் பக்கத்திலிருந்து அலோர் காஜா வழியாக வரும் மலாக்கா ஆறு. 1991-இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றி, தண்ணீருக்கு நாம் தவித்தோம். 2006 டிசம்பரில் அதே மாநிலத்தில் வெள்ளம் வந்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பஞ்சமும் வெள்ளமும் நமக்குப் புதிதல்ல.

ஆகவே, பெற்றோர்களே, மூன்று வேண்டுகோள். ஒன்று, நீச்சல். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்?" என்று கேட்காதீர்கள். தண்ணீர் ஆண் பெண் பார்ப்பதில்லை. இரண்டு, கணக்கு. வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று நீர்மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலையாக அறிவிக்கிறது. எச்சரிக்கை வந்தவுடன் அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், மருந்து, பிள்ளைகளின் புத்தகம் இவற்றைக் கட்டி வைத்துவிடுங்கள். கிளம்பச் சொன்னால் கோழியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் நினைத்து நிற்காதீர்கள். மூன்று, கரை. ஆற்றோர மரத்தை வெட்டவும் குப்பையை அல்லூரில் கொட்டவும் விடாதீர்கள். அந்த மண்ணும் குப்பையும் ஆற்றை மேடாக்கி, நம் வாசலுக்கே திரும்பி வரும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. நண்பன் தண்ணீரில் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரும் போன கதை ஊருக்கு ஊர் உண்டு. சத்தம் போடுங்கள், நீண்ட கம்பை நீட்டுங்கள், கயிற்றையோ, மூடியிட்ட காலித் தகரத்தையோ வீசுங்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள், 999-க்குப் போன் செய்யுங்கள். கரையில் நின்றபடியே காப்பாற்றுகிறவன் கோழையல்ல, அவன்தான் கெட்டிக்காரன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் நம் முன்னோர்கள். அந்த ஒரு வரியை இன்று எல்லாரும் பரிசாக வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவிலும் இந்த மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது.