புது வீட்டுக்கு எந்தத் தண்ணீர்த் தாங்கி?



மெல்பேணில் நாங்கள் வீடு கட்டியபோது, 10,000 லீற்றர் தாங்கியையே விற்பனையாளர் சிபாரிசு செய்தார். வீட்டுக் கடனோடு அது பெரிய சுமை. ஆகவே கணக்குப் பார்த்தோம்.

ஒரு சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். எங்கள் தாங்கிக்கு நீர் தரும் கூரை 100 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்குக் கூடியது 1,000 லீற்றர். 5,000 லீற்றரை நிரப்பவே அப்படி ஐந்து மழை வேண்டும். அதையே எடுத்தோம்.

மலசலகூடத்துக்கும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கும் குழாய் தொடுத்தோம். தோட்டத்துக்கு மட்டுமென்றால் மாரியில் நிரம்பி வீணே வழியும்.

நிரம்பிய தாங்கியில் தண்ணீரின் நிறை மட்டும் 5 தொன். அடித்தளத்தை உறுதியாக இடுங்கள். நுளம்பு புகாமல் வலை போடுங்கள்.

முகாமில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர் என் அம்மா. இப்போது வானம் இருண்டால், "பீலியில சருகு கிடக்கோ, பார் பிள்ளை" என்கிறார்.